மனை விற்பவர்களும் மார்க்கெட் நிலவரம் எழுதலாம்



பருப்பு, எண்ணெய், வத்தல், ஜி.எஸ்.டி. என்று எழுதிவரும் இந்தப் பக்கத்தில் இம்முறை மனை வியாபாரத்தைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. நம் உறுப்பினர்கள் வீட்டுப் பிள்ளைகளில் பலர் கடையில் உட்கார மனமில்லாமல், கடை மாடியிலேயே ஒரு மேசையைப் போட்டு 'ரியல் எஸ்டேட்' என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். அதில் தவறொன்றும் இல்லை. பலசரக்கில் லாபம் சுருங்கி வரும் காலத்தில் பிள்ளைகள் வேறு தொழில் பார்க்கத்தான் செய்வார்கள். ஆனால் அவர்கள் யாருக்கு மனை விற்கிறார்கள்? கீழே நம் கடையில் மாதச் சாமான் வாங்கும் அதே குடும்பங்களுக்குத்தான். எடை குறையாது, கலப்படம் இராது என்று அப்பா நாற்பது வருடமாகச் சேர்த்து வைத்த பெயரை நம்பித்தான் அவர்கள் மாடிப்படி ஏறுகிறார்கள். மாடியில் ஏமாந்தவர் மறுநாள் கீழே துவரம்பருப்பு வாங்க வருவாரா? ஆகவே இது நம் சங்கத்தின் விஷயமும் ஆகிறது.

இந்தப் பிள்ளைகள் நம்மிடம் வந்து கேட்பது ஒன்றுதான். "அண்ணாச்சி, நாலு பேர் படித்துவிட்டுத் தேடி வருகிற மாதிரி எப்படி எழுதுவது?" நோட்டீஸ், வரி விளம்பரம், செல்போனில் அனுப்பும் செய்தி என்று மாதா மாதம் செலவு செய்கிறார்கள். எழுதிக் கொடுப்பதற்கென்றே ஆள் வைத்திருப்பவர்களும் உண்டு. இப்போது கம்ப்யூட்டரே எழுதிக் கொடுத்துவிடுகிறதாம். அப்படி எழுதிய ஒன்றைக் காட்டினார்கள். ஊர்ப் பெயரை எடுத்துவிட்டு ஓசூர் என்று போட்டாலும் பொருந்தும், நாகர்கோவில் என்று போட்டாலும் பொருந்தும்.

அச்சடித்து வருகிற நோட்டீசுகளை எடுத்துப் பாருங்கள். 'நான்குவழிச் சாலைக்கு மிக அருகில். பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தே நிமிடம். சுவையான குடிநீர். உடனே வீடு கட்டலாம். இன்று புக்கிங் செய்பவர்களுக்குத் தங்க நாணயம் இலவசம். விலைக்கு நேரில் அணுகவும்.' இதில் ஒரு வரியாவது வாங்குகிறவருக்கு உதவுகிறதா? நமக்கு ஒரு மில்லிலிருந்து 'உயர்ந்த தரம், மலிவான விலை, விலைக்கு நேரில் வரவும்' என்று ஒரு கார்டு வந்தால் நாம் லாரி அனுப்புவோமா? கார்டைக் கிழித்து எடைக் கணக்குப் போட வைத்துக்கொள்வோம்.

வியாபார எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்பதை வெளியில் போய்ப் படிக்க வேண்டியதில்லை. விருதுநகர் மார்க்கெட் நிலவரம் பத்திரிகைகளில் வருவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கடலை எண்ணெய் 15 கிலோ டின் இவ்வளவு, உருட்டு உளுந்து 100 கிலோ இவ்வளவு, முண்டு வத்தல் குவிண்டால் இவ்வளவு. போன வாரத்தைவிட இதில் ஏற்றம், அதில் இறக்கம், மற்றவை மாற்றமில்லை. அவ்வளவுதான். அதில் 'சுவையான' என்ற சொல் கிடையாது. ஆனாலும் வெளியூர்க் கடைக்காரர்கள் அதைத் தேடிப் படிக்கிறார்கள். ஏன்? சரக்கு இன்னதென்று பெயர் இருக்கிறது. அளவு இருக்கிறது. விலை இருக்கிறது. தேதி இருக்கிறது. குறித்த நாளில் வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, விலை இறங்கினால் இறங்கியது என்றே போடுகிறார்கள். ஏற்றத்தை மட்டுமே போடும் நிலவரத்தை ஒரு மாதத்துக்கு மேல் யாரும் நம்பமாட்டார்கள்.

மனை விற்கும் பிள்ளைகள் எழுத வேண்டியதும் இதே மாதிரி ஒரு நிலவரம்தான் என்பது நமது கருத்து. வாரம் ஒரு அரைத்தாள் போதும். அந்த அரைத்தாளில் என்ன எழுதுவது என்று யோசித்து உட்கார வேண்டியதும் இல்லை. டெலிபோன் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் கேட்கும் கேள்வியை, அவர்கள் கேட்ட சொல்லிலேயே குறித்து வையுங்கள். ஒரு மாதத்தில் தெரிந்துவிடும், நூறு பேரும் திரும்பத் திரும்பக் கேட்பது இருபது கேள்விக்குள் அடங்கும் என்று. ஒரு கேள்விக்கு ஒரு அரைத்தாள். ஒரு முறை உட்கார்ந்து, ஆவணங்களைப் பார்த்து, சரியாக எழுதிவிட்டால் அதையே நோட்டீசாக அடிக்கலாம், செல்போனில் அனுப்பலாம், டெலிபோனில் கேட்பவருக்கு வாசித்துக் காட்டலாம், கடைப் பையனே எடுத்துக் கொடுக்கலாம். தினமும் ஒரே பதிலைத் தொண்டை வற்றச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட இது நேர மிச்சம். மத்தியானம் மூன்று மணிக்கு, கூட்டமில்லாத நேரத்தில் அரை மணி ஒதுக்கினால் ஆகிற காரியம்.

உதாரணமாக அளவைக் கணக்கு. நம் பக்கம் சென்ட் என்கிறோம். சென்னையில் இருக்கும் மகன் கிரவுண்டு என்கிறான். பத்திரத்தில் சதுர அடியும் இருக்கும், பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது ஏறக்குறைய ஐந்தரை சென்ட். குவிண்டாலில் வாங்கிக் கிலோவில் விற்கும் நமக்கு இது பெரிய கணக்கில்லை. ஆனால் வாங்குகிறவர் இங்கேதான் குழம்புகிறார். சதுர அடி 900 ரூபாய் என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சென்ட் 3,92,040 ரூபாய் என்பதையும் அதன் கீழேயே போட்டுவிடுங்கள். மூன்று சென்ட் மனை 11 லட்சத்து 76 ஆயிரம். அதோடு நிற்கக் கூடாது. தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 2 சதவீதமும் சேர்த்து 9 சதவீதம். வழிகாட்டி மதிப்பு கிரயத் தொகையைவிட அதிகமாக இருந்தால் அந்த மதிப்பின் மேல் கணக்கு. மேலே சொன்ன மனைக்குக் குறைந்தது 1 லட்சத்து 6 ஆயிரம் ரூபாய் ஆகும். எழுத்துக் கூலி முதலிய சில்லறைச் செலவு தனி. சரக்கு விலையைச் சொல்லிவிட்டு லாரி வாடகையையும் இறக்குக் கூலியையும் கடைசியில் சொல்கிறவரிடம் நாம் எத்தனை முறை வாங்குவோம்? சார்பதிவாளர் அலுவலக வாசலில் நின்றுகொண்டு வாங்குகிறவர் கடன் கேட்டு டெலிபோன் செய்யும்படி விடக் கூடாது.

அடுத்து 'பத்தே நிமிடம்'. எதில் போனால் பத்து நிமிடம்? நடந்தா, ஜீப்பிலா? பஸ் ஸ்டாண்டு வடக்கு வாசலிலிருந்து 4.6 கிலோமீட்டர், நடுவில் ஒரு ரயில்வே கேட், கடைசி 300 மீட்டர் மண் பாதை, பாதையின் அகலம் 20 அடி என்று எழுதுங்கள். டவுன் பஸ் எத்தனை மணிக்கு, கடைசிப் பஸ் எப்போது என்று எழுதுங்கள். இதை எழுதச் செலவு ஒன்றுமில்லை. மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒருமுறை அளந்து வர வேண்டும். அந்தச் சோம்பல்தான் 'மிக அருகில்' என்று எழுத வைக்கிறது.

நம் மாவட்டத்தில் இ.குமாரலிங்கபுரத்தில் 2023-இல் மத்திய அரசு ஜவுளிப் பூங்கா அறிவித்தது. அறிவிப்பு வந்த சில நாட்களில் முப்பது மைலுக்கு அப்பால் உள்ள மனைக்கும் 'ஜவுளிப் பூங்கா அருகில்' என்று நோட்டீஸ் வந்துவிட்டது. பூங்காவைப் பற்றி எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுதத்தான் வேண்டும், ஜனங்களுக்குத் தெரிய வேண்டிய செய்திதான். நிலம் எங்கே, எந்தச் சாலையில், நம் மனையிலிருந்து எத்தனை கிலோமீட்டர், வேலை எந்த அளவில் இருக்கிறது என்பதை நேரில் பார்த்து மாதம் ஒருமுறை எழுதினால் அதைப் படிப்பதற்காகவே ஆட்கள் உங்களிடம் தொடர்பு வைத்துக்கொள்வார்கள். 'இரண்டே வருடத்தில் விலை இரட்டிப்பு' என்பதை மட்டும் எழுதாதீர்கள். வத்தல் விலை அடுத்த மாதம் என்ன ஆகும் என்று நம்மில் யாராவது எழுதிக் கொடுப்போமா?

பட்டா, வில்லங்கம், அப்ரூவல் ஆகிய மூன்றையும் பற்றித்தான் அதிகமான கேள்வி வரும். இவற்றுக்கு ஒவ்வொன்றாகத் தனித் தாள் வேண்டும். வில்லங்கச் சான்று எத்தனை வருடத்துக்குப் பார்ப்பது என்று கேட்பார்கள். வக்கீல்கள் பொதுவாக 30 வருடத்துக்குக் குறையாமல் பார்க்கச் சொல்கிறார்கள். ஆனால் அந்தச் சான்று பதிவான விவகாரங்களை மட்டுமே காட்டும், பதியாத ஒப்பந்தமும் வாய்மொழிப் பாகமும் அதில் தெரியாது என்பதையும் எழுத வேண்டும். பட்டாவை அரசு இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். எப்படிப் பார்ப்பது என்பதை மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு என்று வரிசையாக எழுதிக் கொடுங்கள். 'இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தால் நம்மிடம் வராமல் அவர்களே பார்த்துக்கொள்வார்களே' என்று ஒரு தம்பி கேட்டார். பார்க்கட்டும். பார்த்துவிட்டு, விளங்காத ஒரு வரியைக் கேட்க உங்களிடம்தான் வருவார்கள்.

இதற்குக் கண்ணால் கண்ட ஒரு சாட்சி நம்மிடம் உண்டு. 2016 செப்டம்பர் 9-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பஞ்சாயத்து அப்ரூவல் என்று எழுதியிருந்ததை நம்பிச் சீட்டுப் பணத்தையும் மகள் நகைப் பணத்தையும் போட்டவர்கள், விற்கவும் முடியாமல், கட்டவும் முடியாமல் தவித்தார்கள். நம் கடை வரிசையிலேயே அப்படி நின்றவர்கள் சிலர். அந்த நாட்களில் மனை ஆபீசுகள் பல பூட்டிக் கிடந்தன. டெலிபோனை எடுக்க ஆளில்லை. நமக்குத் தெரிந்த ஒரு தரகர் மட்டும் ஆபீசைத் திறந்து வைத்திருந்தார். வாரா வாரம் ஒரு அரைத்தாள் அடித்து வாசலில் வைத்தார். கோர்ட்டில் இந்த வாரம் என்ன நடந்தது, எந்த மனைக்குத் தடை, எதற்கு இல்லை என்று. 2017 மே மாதம் அரசு வரன்முறை விதிகளைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20 வரை ஏற்பட்ட அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்திக்கொள்ளலாம் என்று வந்ததும், எங்கே விண்ணப்பிப்பது, என்னென்ன நகல் வைப்பது என்று எழுதி, தன்னிடம் வாங்காதவர்களுக்கும் கொடுத்தார். அந்த வருடம் அவருக்கு ஒரு மனையும் விற்றிருக்காது. இன்று அந்தத் தெருவில் ஆட்கள் விசாரித்துக்கொண்டு போவது அவர் ஆபீசுக்குத்தான். அவர் நோட்டீசில் இன்றைக்கும் தங்க நாணயம் கிடையாது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் 2016-இல் வந்தது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லே-அவுட்டைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக் கூடாது. விளம்பரத்தில் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணைய முகவரியும் தெளிவாகத் தெரிய வேண்டும். அந்த மனைகளை விற்றுக் கொடுக்கும் தரகரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். விளம்பரத்தில் உள்ள பொய்யை நம்பிப் பணம் கட்டி ஒருவர் நஷ்டப்பட்டால் ஈடு கொடுக்க வேண்டும். அவர் வேண்டாமென்று விலகினால் கட்டிய பணத்தை வட்டியோடு திருப்ப வேண்டும். விளம்பரம் என்பது பேச்சுக்குச் சொல்வது என்ற காலம் போய்விட்டது. எழுதிய ஒவ்வொரு சொல்லும் கையெழுத்துப் போட்ட புரோநோட்டு மாதிரி.

குறையை எழுதுவதா என்று தயங்குகிறார்கள். போர் போட்டால் தண்ணீர் உப்பு என்றால், எத்தனை அடியில் உப்பு என்று எழுதுங்கள். பழைய வத்தலைப் பழசு என்று சொல்லித்தான் நாம் விற்கிறோம். அதற்கு ஒரு விலை இருக்கிறது, அதற்கென்று வாங்குகிறவரும் இருக்கிறார். பழசைப் புதுசோடு கலந்து அனுப்பினால்தான் மூட்டை திரும்பி வரும். உப்புத் தண்ணீர் என்று தெரிந்தே, விலை குறைவு என்று வாங்குகிறவர் உங்களைத் திட்டமாட்டார்.

மனையைவிட நம்மவர்களுக்கு நெருக்கமான விஷயம் கடையும் கிட்டங்கியும். உறுப்பினர்கள் பலரிடம் வாடகைக்கு விடும் கட்டிடங்கள் இருக்கின்றன. 'விசாலமான கிட்டங்கி வாடகைக்கு' என்று போர்டு எழுதி டெலிபோன் நம்பர் போட்டுவிடுகிறார்கள். இருபது பேர் வந்து பார்த்துவிட்டு, லாரி திரும்பாது என்று போய்விடுகிறார்கள். இருபது முறை சாவியை எடுத்துக்கொண்டு ஓடியதுதான் மிச்சம். நாமாக இருந்தால் இப்படி எழுதுவோம்: 'கிட்டங்கி வாடகைக்கு. உள் அளவு 60-க்கு 30 அடி. ஷட்டர் அகலம் 10 அடி. தெரு அகலம் 24 அடி. பத்துச் சக்கர லாரி பின்பக்கமாக வாசலுக்கு வரும். தரை தெரு மட்டத்துக்கு மேல் இரண்டரை அடி. 2023 டிசம்பர் பெருமழையில் உள்ளே தண்ணீர் வரவில்லை. மேலே தகரக் கூரை, வெயிலில் சூடு இறங்கும். வெல்லம், புளி வைப்பவர்கள் யோசிக்கவும். மூன்று பேஸ் கரண்ட். பின்பக்கச் சந்தில் சாக்கடை இருப்பதால் எலி உண்டு; கீழே இரும்புப் பலகை அடித்திருக்கிறது. லோடுமேன்கள் நிற்கும் இடம் அடுத்த தெரு.' கடைசியில் வாடகை, அட்வான்ஸ். இதைப் படித்துவிட்டு மூன்று பேர்தான் வருவார்கள். மூன்று பேரும் வாடகைக்கு எடுக்கக் கூடியவர்களாக இருப்பார்கள்.

வாடகை பற்றியும் தாள் போடலாம். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் புதிய வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். இன்னமும் பழைய வழக்கப்படி வாய்ப்பேச்சில் சாவி கொடுப்பவர்கள் நம்மிலேயே இருக்கிறார்கள். வரியும் அப்படித்தான். கட்டிடக்காரர் ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவராகவும் கடைக்காரர் பதிவு உள்ளவராகவும் இருந்தால் வாடகை மேல் 18 சதவீதத்தைக் கடைக்காரரே கட்ட வேண்டும் என்று 2024 அக்டோபர் 10 முதல் வந்தது. 2025 ஜனவரியில் காம்போசிஷன் திட்டத்தில் உள்ளவர்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். சில மாதங்களுக்குள் இரண்டு மாற்றம். முதல் தாளை அடித்துவிட்டு இரண்டாவதை அடிக்காத ஆபீசின் தாளை வைத்துக்கொண்டு சிறு கடைக்காரர் ஒருவர் நம்மிடம் சண்டைக்கே வந்துவிட்டார். ஆகவே எழுதிய தாளில் தேதி போடுங்கள். விதி மாறினால் பழைய தாளை எடுத்துவிட்டுப் புதியதை வையுங்கள். மார்க்கெட் நிலவரத்தில் தேதி இல்லாமல் விலை போட்டால் யார் மதிப்பார்கள்?

நடையைப் பற்றிக் கொஞ்சம். வாக்கியம் சின்னதாக இருக்கட்டும். அடுக்குமொழி வேண்டாம். எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் வீட்டில் அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். நம் வீடுகளில் மனை வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது அவர்கள்தான். அவர்கள் கேட்கும் முதல் கேள்விக்குத் தாளில் பதில் இல்லாவிட்டால் அதைச் சேர்த்துவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.

சங்கத்துக்கும் ஒரு யோசனை வைக்கிறோம். நமது இதழில் மாதம் ஒரு பக்கம், உறுப்பினர்களின் கடை, கிட்டங்கி, மனை விவரங்களுக்கென ஒதுக்கலாம். ஒரு விளம்பரத்துக்கு எட்டு வரி. சர்வே எண், அளவு இரண்டு கணக்கிலும், சாலை அகலம், அப்ரூவல் அல்லது பதிவு எண், விலை, எழுதிய தேதி ஆகியவை இல்லாத எதையும் வாங்கக் கூடாது. 'விலைக்கு நேரில் அணுகவும்' என்று வருவதை, யார் கொடுத்தாலும், நிர்வாகக் குழு உறுப்பினரே கொடுத்தாலும், திருப்பி அனுப்ப வேண்டும். ஆவணங்களின் நகலைச் சங்க அலுவலகத்தில் ஒரு கோப்பில் வைத்தால் வெளியூர் உறுப்பினர் வந்து பார்த்துக்கொள்ளலாம். கட்டணம் எவ்வளவு என்பதை அடுத்த செயற்குழுவில் பேசி முடிவு செய்யலாம். முதல் மாதத்துக்கு, தூத்துக்குடி ரோட்டில் இருக்கும் நமது பழைய கிட்டங்கியின் விவரத்தை எலி, தகரக் கூரை உட்பட எழுதி ஆபீசில் கொடுத்திருக்கிறோம்.